அடுத்தது எப்போது?

விஜயதசமி அன்று எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் காலை எட்டு மணிக்கே மேஜை போட்டு உட்கார்ந்து விடுவோம். மேஜையின் மேல் சேர்க்கைப் புத்தகம். ஒரு தட்டில் கற்கண்டு. இன்னொரு தட்டில் நெல். வருகிற குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, அதன் விரலைப் பிடித்து நெல்லில் 'அ' எழுத வைக்கும் பாக்கியம் பல வருஷங்களாக எனக்குக் கிடைத்து வருகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஒரு காலைப் பொழுதில் என் கை கடுத்துப் போகும். அத்தனை குழந்தைகள்! சென்ற விஜயதசமியன்று பகல் பன்னிரண்டு மணி வரையில் வந்த குழந்தைகளின் எண்ணிக்கை ஏழு. கற்கண்டு மிஞ்சிவிட்டது. ஆசிரியர்கள் நாங்களே அதைப் பங்கு போட்டுத் தின்றோம். அது தித்தித்தது என்று சொல்வதற்கில்லை.

இதற்கு முழுப் பழியையும் ஊரில் உள்ள தம்பதிகள் மேல் போடுவது நியாயமல்ல. இங்கிலீஷ் பள்ளிக்கூடங்களின் மஞ்சள் பஸ்கள் விடிந்ததும் தெருத் தெருவாக வந்து பாதிக் குழந்தைகளை வாரிக்கொண்டு போகின்றன. ஆனால் இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தாரும் பஸ் நிறையவில்லை என்று கவலைப்படத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் கவலையோ இன்னும் கொஞ்சம் பெரியது. குழந்தைகள் குறைந்தால் ஆசிரியர்கள் உபரியாகிவிடுவார்கள். 'பணி நிரவல்' என்ற அழகான பெயரில் வேறு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆகவே, ஊரார் இன்னும் சில குழந்தைகளைப் பெற்றால் நன்றாயிருக்கும் என்ற எண்ணம் எனக்கு உண்டானால் அது சுயநலம் கலந்த எண்ணமே. அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஏழாவதாக வந்தது ஒரு பெண் குழந்தை, வயது மூன்றரை. அழைத்து வந்தவர்கள் தாயாரும் பாட்டியும். தாயாரைக் கண்டதும் எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. பதினாறு வருஷங்களுக்கு முன் என் பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பானிபட் யுத்தங்கள் மூன்றையும் வருஷம் தவறாமல் ஒப்பித்த பெண். இப்போது தஞ்சாவூரில் ஒரு கம்பெனியில் கணக்கு உத்தியோகம். தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி பஸ் பிரயாணம்.

குழந்தை 'அ' எழுதி முடித்தது. கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டது. அப்போது பாட்டி என் பக்கம் குனிந்து, "டீச்சரம்மா, உங்கள் பேச்சை இவள் தட்டமாட்டாள். நீங்கள்தான் நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும். இந்த ஒன்றுக்கும் ஒரு துணை வேண்டாமா? அடுத்தது எப்போது என்று நான் கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாள்" என்றார்.

என் பழைய மாணவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பானிபட் யுத்தங்களுக்கு வருஷம் சொன்ன பெண்ணுக்கு இந்தக் கேள்விக்கு வருஷம் சொல்லத் தெரியவில்லை.

★

'அடுத்தது எப்போது?' என்று நாம் எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிடுகிறோம்! அடுத்த பஸ் எப்போது என்று கேட்பதுபோல் கேட்கிறோம். கல்யாண வீட்டில் கேட்கிறோம், கோயில் பிராகாரத்தில் கேட்கிறோம். ஒருவருடைய சம்பளம் என்ன என்று கேட்கக் கூசுகிறவர்கள்கூட இதைக் கேட்கக் கூசுவதில்லை.

என் பாட்டியிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பதினான்காவது வயதில் கல்யாணம். பெற்றது ஒன்பது, பிழைத்தது ஐந்து. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், "ஒன்பது பெற வேண்டும் என்று நீயும் தாத்தாவும் எப்போது தீர்மானித்தீர்கள், பாட்டி?" என்று கேட்டேன். பாட்டி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "தீர்மானமா? மழை எத்தனை நாள் பெய்ய வேண்டும் என்று யாரடி தீர்மானிக்கிறார்கள்?" என்றாள். பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, போன நான்கு குழந்தைகளையும் விரல் விட்டு எண்ணினாள். இருந்த ஐந்தை எண்ணவில்லை.

என் தாயார் காலத்தில் மழையை அளக்கக் கருவி வந்துவிட்டது. ஊர்ச் சுவர்களில் எல்லாம் சிவப்பு முக்கோணம். அதன் கீழே 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்ற வாசகம். எங்கள் வீட்டில் நான் மூன்றாவது. ஆகையால் அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம், அழைப்பில்லாமல் விருந்துக்கு வந்துவிட்டவளைப்போல் சிறு வயதில் எனக்கு ஒரு கூச்சம் உண்டாகும். நான் பிறந்த ஆஸ்பத்திரியிலேயே அம்மாவுக்கு ஆபரேஷனும் ஆயிற்று.

பாட்டிக்கு ஒன்பது, அம்மாவுக்கு மூன்று, எனக்கு ஒன்று. எங்கள் வீட்டு வரலாறு ஒரு கழித்தல் கணக்கு. தமிழ்நாட்டின் வரலாறும் ஏறக்குறைய அதுதான். 1971-ஆம் வருஷத்தில் இங்கே ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறக்கூடிய குழந்தைகள் சராசரியாக நான்கு. 1992-93 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் அது இரண்டரை ஆயிற்று. 2019-21 கணக்கெடுப்பில் 1.8. ஜனத்தொகை ஏறாமல் இறங்காமல் நிற்பதற்கு 2.1 வேண்டும் என்பது நிபுணர்களின் கணக்கு. அந்தக் கோட்டுக்குக் கீழே நாம் இறங்கி வெகு நாட்களாகிவிட்டன.

★

இந்த மாறுதலைச் செய்தது யார்? சுவரில் முக்கோணம் எழுதிய சர்க்காருக்குப் பங்கு உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாகவே 1952-இல் தொடங்கிய முதல் தேசம் இந்தியாதான். ஆனால் சுவர் விளம்பரம் இந்தியா முழுவதிலும் ஒன்றாகத்தான் எழுதப்பட்டது. தமிழ்நாட்டில் மட்டும் அது சீக்கிரம் பலித்ததற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன.

முதற் காரணம், பிறந்த குழந்தை பிழைத்தது. 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன் இறந்தன. 2020-இல் அந்த எண்ணிக்கை 13. ஒன்பது பெற்றால்தான் ஐந்து மிஞ்சும் என்று இருந்த காலம் போய், இரண்டு பெற்றால் இரண்டும் இருக்கும் என்ற தைரியம் வந்தது. அந்தத் தைரியம் வராமல் எந்தத் தாயும் 'போதும்' என்று சொல்லமாட்டாள். என் பாட்டி எண்ணிய அந்த நான்கு விரல்களுக்குள்தான் இந்த ரகசியம் இருக்கிறது.

இரண்டாவது காரணம் நாங்கள், அதாவது பள்ளிக்கூடத்துக்காரர்கள். ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய ஜனத்தொகை நிபுணர் 1976-இல் ஒரு விளக்கம் சொன்னார். செல்வம் பிள்ளைகளிடமிருந்து பெற்றோரை நோக்கி ஓடும் வரையில் ஜனங்கள் பல பிள்ளைகளைப் பெறுவார்கள். ஓட்டம் திரும்பி, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை நோக்கி ஓடத் தொடங்கியதும் குறைத்துக்கொள்வார்கள் என்பது அதன் சாரம். மாடு மேய்த்துக் களை பிடுங்கிய பையன் குடும்பத்துக்கு வரவு. அவனையே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் செலவு. 1956-இல் காமராஜ் ஆட்சியில் பரவிய மதிய உணவும், 1982-இல் எம். ஜி. ஆர். ஆட்சியில் விரிந்த சத்துணவும் ஏழைக் குழந்தைகளைக் கூட்டம் கூட்டமாக எங்கள் வகுப்புகளுக்கு அழைத்து வந்தன. அப்படியாக, பிள்ளையை வரவுப் பக்கத்திலிருந்து செலவுப் பக்கத்துக்கு மாற்றி எழுதியவர்களே நாங்கள்தாம். இன்று வகுப்பில் பிள்ளைகள் இல்லை என்று நாங்களே புலம்புகிறோம்!

மூன்றாவது காரணம் பெண்களின் வயது. 1929-ஆம் வருஷத்துச் சாரதா சட்டம் பெண்ணின் கல்யாண வயதைப் பதினான்கு என்று வைத்தபோது தேசமே அல்லோலகல்லோலப்பட்டது. 1978-இல் அது பதினெட்டாயிற்று. இன்று படித்த பெண்ணுக்கு இருபத்தைந்துக்கு முன் கல்யாணம் நடந்தால் 'என்ன அவசரம்?' என்று கேட்கிறோம். பெறக்கூடிய காலமே சுருங்கிவிட்டது.

நான்காவது காரணத்தைச் சொல்ல நா எழவில்லை. ஆயினும் சொல்லித்தான் ஆக வேண்டும். பல வீடுகளில் 'அடுத்தது' என்பதற்கு 'ஆண் பிள்ளை' என்றுதான் அர்த்தம். ஆண் பிறந்தால் நிறுத்துவார்கள்; பிறக்கும் வரை நிறுத்தமாட்டார்கள். அளவான குடும்பமும் வேண்டும், அதில் ஆணும் வேண்டும் என்ற இரண்டு ஆசைகள் மோதிக்கொண்டபோது நசுங்கியது பெண் சிசு. 1992-இல் தமிழ்நாட்டு சர்க்கார் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர நேர்ந்தது இதனால்தான். 'சிறு குடும்பம், சீரான வாழ்வு' என்று நாம் பெருமைப்படும் கணக்கில் இந்தக் கறையும் இருக்கிறது.

★

இது இப்படியிருக்க, பெறுவதும் பெறாதிருப்பதும் யாருடைய இஷ்டம் என்ற விவாதம் நம் தேசத்தில் நேற்று முளைத்ததல்ல. 1935-ஆம் வருஷம் டிசம்பரில் மார்கரெட் சாங்கர் என்ற அமெரிக்க மாதரசி வார்தாவுக்கு வந்து காந்தி மகாத்மாவைச் சந்தித்தார். கர்ப்பத்தடைச் சாதனங்களை மகாத்மா ஒப்புக்கொள்ளவில்லை. புலனடக்கம் ஒன்றே வழி என்றார். அதே காலத்தில் தமிழ்நாட்டில் பெரியார் ஈ. வெ. ரா. அதற்கு நேர்மாறாக, கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்கு அவசியம் என்று பிரசாரம் செய்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் இரண்டு துருவங்கள். ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். மனைவியானவள் கணவனிடம் 'வேண்டாம்' என்று சொல்லக் கற்க வேண்டும் என்றார் மகாத்மா. வேண்டுமா வேண்டாமா என்பது அவளுடைய சுதந்திரம் என்றார் பெரியார். எதிரெதிர்த் திசையில் புறப்பட்ட இருவரும் அந்தப் பெண்ணின் சித்தத்தின் முன்னால்தான் வந்து நின்றார்கள்.

அவர்களுக்குப் பின் வந்தவர்கள் இதை மறந்துவிட்டார்கள். 1951-ஆம் வருஷத்து ஜனக் கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலஸ்வாமி, மூன்று குழந்தைகளுக்கு மேல் பெறுவதற்கு 'முன்யோசனையற்ற தாய்மை' என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார். பெரிய அறிவாளி. ஆனால் முன்யோசனையற்ற தகப்பன்மை என்று ஒன்று உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஒரே வருஷத்தில், தேசம் முழுவதும் 82 லட்சம் ஆபரேஷன்கள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் பலாத்காரமாக. அடுத்த தேர்தலில் அதற்குப் பதில் கிடைத்தது. அதன் பிறகு எந்தக் கட்சியும் ஆண்களின் பக்கம் திரும்பவில்லை. பாரம் முழுவதும் பெண்களின் மேல் இறங்கியது. 2019-21 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்கள் 1000-க்கு 3.

இப்போது காற்று திசை மாறி அடிக்கிறது. 2024 அக்டோபரில் சென்னையில் நடந்த ஒரு கல்யாண விழாவில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பேசும்போது, 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு' என்ற பழைய வாழ்த்தை நினைவூட்டினார். பதினாறு என்றால் பதினாறு செல்வங்கள். ஆனால் பார்லிமெண்டுத் தொகுதிகள் குறையும் என்ற நிலை வந்தால், பதினாறு பிள்ளைகளையே பெறலாமே என்று ஜனங்கள் நினைக்கக் கூடும் என்று வேடிக்கையாகச் சொன்னார். அதே மாதத்தில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு வேடிக்கை ஏதுமின்றியே, அதிகப் பிள்ளைகளைப் பெறும்படி கேட்டுக்கொண்டார். தொகுதிக் கவலை வெறும் கற்பனையல்ல. 1971 ஜனத்தொகையை வைத்தே பார்லிமெண்டு ஸ்தானங்களைப் பங்கிடுவது என்று 1976-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரையில் அதை நீட்டித்து 2001-இல் மறுபடியும் திருத்தினார்கள். சர்க்கார் பேச்சைக் கேட்டு அளவோடு பெற்ற மாகாணங்கள் அதற்காகவே ஸ்தானம் இழக்கலாமா என்ற கேள்வி நியாயமான கேள்வி.

ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் பார்லிமெண்டு. என் மாணவியின் வயிறு அல்ல.

தவிரவும், வாய் ஒன்று சொல்ல, விதி ஒன்று சொல்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் ஏழைத் தாய்மார்களுக்குக் கொடுக்கும் பிரசவ உதவித் தொகை 2018 முதல் 18,000 ரூபாய். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். 2017-இல் திருத்திய பிரசவச் சட்டம் 26 வார லீவு கொடுத்தது. அதுவும் இரண்டு குழந்தைகள் வரையில்தான், பிறகு 12 வாரம். முதல் விவாகத்தில் இரண்டு குழந்தைகள் உள்ள ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை, மறு விவாகம் செய்துகொண்டு குழந்தை பெற்றபோது லீவு இல்லை என்றார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய், 2025 மே மாதத்தில் அந்த உரிமையைப் பெற்றுவர வேண்டியிருந்தது.

★

நிற்க. பாட்டி குழந்தையை ஊஞ்சல் பக்கம் அழைத்துப் போனார். நான் என் மாணவியை ஆசிரியர் அறைக்கு அழைத்து வந்தேன். புத்தி சொல்லவில்லை. "உட்கார் அம்மா. உன் மனத்தில் என்ன?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் கணக்கு வேலை பார்க்கிற பெண் அல்லவா? பதிலையும் கணக்காகவே சொன்னாள். "முதல் பிரசவம் சிசேரியன், டீச்சர். எழுந்து நடமாடவே பல வாரம் ஆயிற்று. லீவு முடிந்து போனபோது என் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். எனக்கு ஒரு படி கீழே இடம் கொடுத்தார்கள். இன்னொரு தரம் போனால் அந்த இடமும் இருக்குமோ என்னவோ. வீட்டுக் கடன் இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. இந்த ஒன்றைப் பார்த்துக்கொள்வதே அத்தைதான். அத்தைக்கு வயது அறுபத்தாறு, மூட்டு வலி. ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு முனகுவது என் காதில் விழுகிறது. அடுத்தது வேண்டும் என்று கேட்கிறவரும் அவர்தான். அடுத்ததைத் தூக்க முடியாதவரும் அவர்தான்."

"அவ்வளவுதானா?" என்றேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "எனக்கு இன்னொன்று வேண்டும், டீச்சர். நிச்சயமாக வேண்டும். இவளுடைய சின்னச் சொக்காய்களை எல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். யாருக்கும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும், வருகிற வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொள்கிறேன். எனக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது."

வேண்டாதவளுக்குப் புத்தி சொல்லும்படி பாட்டி கேட்டார். இங்கே இருந்தவளோ வேண்டுகிறவள்!

இவள் ஒருத்தி மட்டுமல்ல. ஐக்கிய நாடுகளின் ஜனத்தொகை நிதியம் 2025-இல் வெளியிட்ட அறிக்கைக்காக, இந்தியா உள்படப் பதினான்கு தேசங்களில் சுமார் 14,000 பேரை விசாரித்தார்கள். தாங்கள் விரும்பியதைவிடக் குறைவாகப் பெற்றதற்கு, அல்லது பெறப் போவதற்கு, பணக் கஷ்டமே காரணம் என்றவர்கள் பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேர். உத்தியோகம் நிலையில்லாமை, வீட்டு வசதி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை முதலியவை அடுத்தடுத்த காரணங்கள். தென் கொரியா தேசம் இதற்கென்று கோடி கோடியாகப் பணத்தைக் கொட்டிப் பார்த்தது. ஆயினும் 2023-இல் அங்கே பிறப்பு விகிதம் 0.72 என்ற மட்டத்துக்கு இறங்கிவிட்டது. பொழுது விடிந்து பொழுது போகும் வரை ஆபீஸ், எட்டாத விலையில் வீடு, பிள்ளைக்கு இரவு வரை டியூஷன், வீட்டு வேலை எல்லாம் பெண் தலையில் என்று இருக்கும் வரையில், தொட்டிலில் நோட்டைக் கட்டித் தொங்கவிட்டு என்ன பிரயோஜனம்?

★

இதற்குள் மாப்பிள்ளை ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். மருந்துக் கம்பெனியில் உத்தியோகம். நல்ல பிள்ளை, பணிவுள்ளவர். அவரையும் உட்கார வைத்தேன். "அடுத்த குழந்தையைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன, தம்பி?" என்றேன்.

"என்னுடையது என்ன இருக்கிறது, டீச்சர்? எல்லாம் அவள் இஷ்டம். நான் அவளைக் கட்டாயப்படுத்தவே மாட்டேன்" என்றார்.

கேட்பதற்கு இனிமையான பதில். அந்தக் காலத்துப் புருஷர்கள் இப்படிச் சொல்லியிருப்பார்களா? ஆனால் வரலாறு படித்தவளுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ராஜ்யத்தைக் கொடுத்துவிட்டுப் பொக்கிஷத்தின் சாவியைக் கொடாமல் இருப்பது ஒருவகைத் தந்திரம். 'உன் இஷ்டம்' என்பதும் சில சமயம் அப்படித்தான். இஷ்டம் அவளுடையது; பிறகு வருகிற கஷ்டமும் அவளுடையது என்று ஆகிவிடுகிறது.

"தம்பி, நான் மூன்று கேள்விகள் கேட்கிறேன். எனக்குப் பதில் சொல்ல வேண்டாம். வீட்டில் போய் இவளிடம் சொல்லுங்கள்" என்றேன். "குழந்தை ராத்திரி அழுதால் எழுந்திருப்பவர் யார்? அதற்குக் காய்ச்சல் கண்டால் லீவு போடுகிறவர் யார்? உங்கள் அம்மாவால் முடியாமல் போகும் நாளில், இரண்டு சம்பளத்தில் எதை விடுவது, அல்லது எதிலிருந்து ஆள் வைப்பது என்று இருவரும் காகிதத்தில் எழுதிப் பார்த்ததுண்டா?"

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. கோபமோ, வெட்கமோ, அறியேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். 2017-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் தாய்க்கு 26 வாரம் எழுதினார்கள். தகப்பனுக்கு ஒரு நாள்கூட எழுதவில்லை. ஆகவே அவரை மட்டும் குறை கூறுவானேன்? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஸ்தாபனங்கள் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. நேயர்கள் தங்கள் ஆபீஸில் அது எந்த மாடியில் இருக்கிறது என்று நாளைக்கு விசாரித்துப் பார்க்கலாம்.

★

அவர்கள் போன பிறகு வெகு நேரம் அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரே பெண்தான். காரணம் கேட்டவர்களுக்கு எல்லாம், "ஒன்று போதும் என்று இருந்துவிட்டோம்" என்று சொல்லி வந்திருக்கிறேன். கௌரவமான பதில். பரீட்சையில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அது உண்மையல்ல. முதலில், வேலை நிரந்தரமாகட்டும் என்று தள்ளிப் போட்டோம். பிறகு, கணவர் தகப்பனாருக்கு வந்த நோய் தீரட்டும் என்று தள்ளிப் போட்டோம். பிறகு, வீடு கட்டி முடியட்டும் என்றோம். எல்லாம் முடிந்து, முப்பத்தேழாவது வயதில், இனித் தடையில்லை என்று நினைத்தபோது கரு தங்கவில்லை. இரண்டு தடவை அப்படி ஆயிற்று. மூன்றாவது தடவைக்கு எனக்கு மனத் தைரியம் இருக்கவில்லை.

நாங்கள் 'ஒன்று போதும்' என்று எந்த நாளிலும் தீர்மானிக்கவில்லை. தள்ளிப் போட்டதே தீர்மானமாக உறைந்து போயிற்று. என் பாட்டி மழையைப் போல் வந்ததை ஏற்றுக்கொண்டாள். நான் மழையைப் போலவே போனதை ஏற்றுக்கொண்டேன். எழுபது வருஷத்தில் இவ்வளவு மாறியும், உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வருவது என்ற காரியம் மட்டும் எங்கள் வீட்டில் நடக்கவேயில்லை. 1.8 என்று சர்க்கார் அச்சிடும் எண்ணுக்குள், 'போதும்' என்று தெளிந்து நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். குழந்தையே வேண்டாம் என்று இருப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் அவர்கள் உரிமை. ஆனால் என்னைப்போல், பெட்டியில் சொக்காயை மடித்து வைத்துக்கொண்டு, 'அடுத்த தீபாவளி' என்று சொல்லிக்கொண்டே போனவர்களும் இருக்கிறார்கள். புள்ளிவிவரத்தில் எங்களுக்கென்று தனிக் கட்டம் கிடையாது.

ஆகையால், அதிகம் பெறுங்கள் என்றோ அளவாய்ப் பெறுங்கள் என்றோ இந்தப் பக்கத்தில் நான் சொல்லப் போவதில்லை. தம்பதிகளுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: எந்த முடிவானாலும் அதை நீங்களே செய்யுங்கள், காலண்டர் செய்யும்படி விட்டுவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தை தூங்கிய பிறகு, இருவரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள். உடம்பைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். பணத்தைப் பற்றி நோட்டுப் புத்தகத்திடம் கேளுங்கள். ஆசையைப் பற்றி ஒருவரை ஒருவர் கேளுங்கள். 'உன் இஷ்டம்' என்ற வார்த்தையைத் தவிர்த்து விடுங்கள்.

தை மாதத்தில் ஒரு நாள் அந்தப் பாட்டியைக் கடைத்தெருவில் பார்த்தேன். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்க என் நாக்கு துடித்தது. உபதேசம் செய்கிற எனக்கே அந்தப் பழக்கம் விடவில்லை, பாருங்கள்! சட்டென்று அடக்கிக்கொண்டு, "மூட்டு வலி எப்படி இருக்கிறது, அம்மா?" என்று கேட்டேன்.

பாட்டியின் முகம் மலர்ந்தது. "இப்போது பரவாயில்லை, டீச்சரம்மா. வாரத்தில் இரண்டு நாள் என் மகன் சீக்கிரம் வந்து குழந்தையை வாங்கிக்கொள்கிறான். என்ன நினைத்துக்கொண்டானோ தெரியவில்லை. நானும் இப்போது அவர்களை ஒன்றும் கேட்பதில்லை" என்றார்.

அடுத்தது எப்போது என்பது எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரிய வேண்டிய விஷயமும் அல்ல.